டெக்ஸ் வில்லர் வருவாரா? சிவகாசி வழியாக வந்த கௌபாய்களும் நிஜ கிட் கார்சனும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல ஜன்னல் சீட் பிடிச்சவங்க, ஒரகடம் ஜங்ஷன் டிராஃபிக்ல நிக்கிறவங்க, ஸ்ரீபெரும்புதூர்ல ரூம் எடுத்துத் தங்கி சனிக்கிழமை துணி துவைச்சுக்கிட்டே கேக்கறவங்க, எல்லாருக்கும் வணக்கம்.

புதுசா வந்தவங்களுக்காக ஒரு வரி. நான் இன்ஜினியரிங் படிச்சவன். ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதறது என் வேலை. எந்த மெஷின் எத்தனை நிமிஷம் நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு திரையில காட்டுற வேலை. காமிக்ஸ் படிக்கறது அதுக்கு முன்னாடியே ஒட்டிக்கிட்ட பழக்கம்.

இன்னைக்குத் தலைப்பு, தமிழ் பேசுற கௌபாய்கள். இடுப்புல துப்பாக்கி, தலையில தொப்பி, யாருக்கும் தெரியாத ஊருக்குள்ள குதிரையில வந்து, அநியாயம் பண்றவனைச் சுட்டுட்டு, அடுத்த ஊருக்குப் போற ஆளுங்க. இவங்களை நமக்கு ஏன் இவ்வளவு பிடிக்குது? இவங்களை மாதிரி ஒருத்தர் வருவார்னு காத்திருந்தா என்ன ஆகும்? ரெண்டாவது கேள்விதான் இந்த எபிசோட். அதுக்கு முதல் கேள்வி வழியாப் போகணும்.

அமெரிக்கா போகாமல் வந்த கௌபாய்

தமிழ்ல கௌபாய் காமிக்ஸ்னா அதோட முகவரி சிவகாசி. 1972-ல சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸை ஆரம்பிச்சார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1984-ல அவரோட மகன் விஜயன் லயன் காமிக்ஸை ஆரம்பிச்சார். அடுத்த வருஷமே, 1985-ல, லயன்ல டெக்ஸ் வில்லர் வந்துட்டார். முதல் கதையோட பேரு 'தலைவாங்கிக் குரங்கு'. பேரைக் கேட்டா பேய்க்கதை மாதிரி இருக்கும். ஆனா இன்னைக்கு வரைக்கும் தமிழ்ல நிலைச்சு நிக்கிற கௌபாயோட அறிமுகம் அதுதான்.

நாம படிச்ச கௌபாய்கள்ல முக்கால்வாசிப் பேர் அமெரிக்கர்கள் உருவாக்கினவங்க இல்ல. டெக்ஸ் வில்லர் இத்தாலிக்காரர். 1948 செப்டம்பர் 30-ல அங்க வெளியானார். எழுதினவர் ஜான் லூயிஜி பொனெல்லி, வரைஞ்சவர் அவுரேலியோ கலெப்பினி. முதல்ல வெச்ச பேரு 'டெக்ஸ் கில்லர்'. கொஞ்சம் ஓவரா இருக்குன்னு 'வில்லர்' ஆக்கினாங்க. லக்கி லுக் பெல்ஜியம்காரர். மாரிஸ் 1946-ல வரைஞ்சது, பின்னாடி அஸ்டெரிக்ஸ் எழுதின கோசினி கதை எழுத வந்தார். சிக்பில், ஆர்ட்டின், ஷெரீஃப் டாக்புல் கூட்டணி, டிபெட்ங்கிற புனைபெயர்ல வரைஞ்ச பிரெஞ்சு-பெல்ஜிய ஓவியரோட கைவண்ணம். கேப்டன் டைகர்னு நாம கூப்பிடற ஆளோட நிஜப் பேரு புளூபெர்ரி. 1963-ல பிரான்ஸ்ல ஷார்லியே எழுத, ஜான் ஜிரோ வரைஞ்சது. மோபியஸ்னு உலகமே கொண்டாடின அதே ஜிரோதான்.

ஆக, மிலான்லயும் பாரிஸ்லயும் உட்கார்ந்து ஒருத்தர் அரிசோனாவைக் கற்பனை பண்றார். அது சிவகாசிக்கு வந்து தமிழ் பேசுது. அதை வாலாஜாபாத்ல ஒரு பையன் படிக்கிறான். யாருக்கும் அது சொந்த ஊர் இல்ல. எல்லாரும் கூடிச் செஞ்ச ஒரு ஊர் அது.

நம்ம சினிமாவும் இதுல சும்மா இருக்கல. ஜெய்சங்கரை வெச்சு கர்ணன் 1972-ல எடுத்த 'கங்கா' பார்த்திருப்பீங்க, இல்லைன்னா அப்பாகிட்ட கேளுங்க. 2010-ல சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தப்போ, அந்த மொத்தப் பாரம்பரியத்தையும் செல்லமா கிண்டல் பண்ணினார்.

நாலு பேர், நாலு விதம்

டெக்ஸ்: ரேஞ்சர். அதே நேரத்துல நவஜோ மக்களோட தலைவர். அவங்க மத்தியில அவர் பேரு இரவுக் கழுகு. கட்டி வெச்சுக் கொல்லப் போன நேரத்துல தலைவரோட பொண்ணு லிலித் அவரைக் கணவனா ஏத்துக்கிட்டு உயிரைக் காப்பாத்தறா. அப்படித்தான் அவர் அந்தக் குடும்பத்துக்குள்ள வர்றார். கூடவே நண்பர் கிட் கார்சன், மகன் கிட் வில்லர், நவஜோ வீரன் டைகர் ஜாக். நாலு பேரும் ஒண்ணா குதிரையில வந்தா அந்தப் பக்கம் நாற்பது பேர் இருந்தாலும் பயம் இல்ல. டெக்ஸ் தப்பு பண்ண மாட்டார், தோக்க மாட்டார், சந்தேகப்பட மாட்டார்.

டைகர் நேர் எதிர். குடிப்பார், சீட்டாடுவார், மேலதிகாரி பேச்சைக் கேட்க மாட்டார். 'மின்னும் மரணம்' கதையில, மெக்சிகோவுல ஒளிச்சு வெச்ச 5,00,000 டாலர் தங்கத்தைத் தேடச் சொல்லி ராணுவமே அனுப்புது. கடைசியில அவரையே திருடன்னு சொல்லி சிறையில தள்ளுது. அப்புறம் ஜனாதிபதி கிராண்டைக் கொல்லப் பார்த்தார்னு வேற பழி. மேனேஜ்மென்ட் சொன்னதைச் செஞ்சுட்டு, பிரச்சினைன்னு வந்ததும் தனியா மாட்டிக்கிட்ட யாருக்கும் இந்தக் கதை புரியும். ஐ.டி. நண்பர்கள் சிரிக்கறது கேக்குது.

லக்கி லுக்: தன் நிழலைவிட வேகமாச் சுடுவார், ஆனா பெரும்பாலும் எதிராளியோட துப்பாக்கியையும் பெல்ட்டையும்தான் சுடுவார். வாயில எப்பவும் சிகரெட் இருந்துச்சு. 1983-ல மாரிஸ் அதை எடுத்துட்டு ஒரு புல்லை வெச்சார். அதுக்காக 1988-ல உலக சுகாதார நிறுவனம் அவருக்கு விருது கொடுத்துச்சு. சிக்பில் கூட்டணியோ முழுக்க நகைச்சுவை. அங்க டாக்புல் ஆர்ட்டினைப் படுத்தற பாடு இருக்கே, அது எந்த ஆபீஸ்லயும் நடக்கும்.

துப்பாக்கியைப் பத்தி ஒரு இன்ஜினியர் குறிப்பு

கௌபாய்னாலே ஞாபகம் வர்ற கோல்ட் ரிவால்வர் 1873-ல வந்தது. ஆறு குண்டு போடலாம். ஆனா விவரமானவங்க அஞ்சுதான் போடுவாங்க. சுத்தியல் மாதிரி இருக்கற பாகம் குண்டு மேலயே உட்கார்ந்திருக்கும். கீழ விழுந்தா தானா வெடிச்சுடும், அதனால ஒரு அறையைக் காலியா விடுவாங்க. ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால பின்னாடி இழுத்துத்தான் சுடணும். கருமருந்து வேற. ரெண்டு ரவுண்டு சுட்டா அறை முழுக்கப் புகை, யாரைச் சுட்டோம்னே தெரியாது.

நடுத்தெருவுல நேருக்கு நேர் நின்னு சுடறதும் ரொம்ப அரிது. 1865 ஜூலை 21-ல மிசௌரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டுல வைல்ட் பில் ஹிக்காக்கும் டேவிஸ் டட்டும் மோதினதுதான் பிரபலமான உதாரணம். ரெண்டு பேருக்கும் நடுவுல சுமார் 75 கஜம். டாட்ஜ் சிட்டி மாதிரி ஊர்கள்ல எல்லைக்குள்ள துப்பாக்கி எடுத்துட்டு வரவே தடை இருந்துச்சு. 1881-ல டூம்ஸ்டோன்ல நடந்த ஓ.கே. கரால் சண்டைக்கு ஒரு காரணமே அந்தத் தடையை அமல்படுத்தப் போனதுதான்.

சரி, துப்பாக்கி போதும். இப்போ ஆளுக்கு வருவோம்.

வெள்ளிமுடியாரும் நிஜ கார்சனும்

டெக்ஸ் படிக்கறவங்களுக்குக் கார்சன் மேல தனிப் பாசம் உண்டு. நரைச்ச தாடி, வெள்ளிமுடியார்னு பட்டப்பேர். எங்க போனாலும் முதல்ல வறுத்த கறியும் உருளைக்கிழங்கும் கேப்பார். சதா புலம்புவார். ஆனா உயிரைக் கொடுக்கற நண்பர். அவரோட இளமைக் காலத்தைச் சொல்ற 'கார்சனின் கடந்த காலம்' படிச்சுட்டுக் கண் கலங்கினவங்க எனக்குத் தெரிஞ்சே இருக்காங்க. டெக்ஸ் தன் மகனுக்கு வெச்ச பேரே 'கிட்'.

இந்தப் பேர்ல நிஜமாவே ஒருத்தர் இருந்தார். கிட் கார்சன், 1809-ல பிறந்து 1868-ல இறந்தவர். வேட்டைக்காரர், வழிகாட்டி, அப்புறம் ராணுவ அதிகாரி. கையெழுத்து போடறதைத் தாண்டி எழுதப் படிக்கத் தெரியாது.

1863-ல அமெரிக்க ராணுவம் அவரை நவஜோ மக்கள் மேல ஏவுச்சு. அவர் படை ஆட்களைத் தேடிச் சுட்டதைவிட சோளக்காட்டை எரிச்சதுதான் அதிகம். ஆடு மாடுகளைக் கைப்பற்றினாங்க, கிணறு, ஊற்றுகளை அடைச்சாங்க. கான்யன் டி ஷேங்கிற பள்ளத்தாக்குல தலைமுறை தலைமுறையா வளர்த்த ஆயிரக்கணக்கான பீச் மரங்களை 1864-ல வெட்டிப் போட்டாங்க. பசியில மக்கள் சரணடைஞ்சாங்க. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவங்களை 300 மைலுக்கு மேல நடக்க வெச்சு பொஸ்கே ரெடோண்டோங்கிற இடத்துல அடைச்சாங்க. நமக்குப் புரியற கணக்குல சொன்னா, சென்னையில இருந்து மதுரையைத் தாண்டி நடக்கற தூரம். குளிர்காலத்துல, குழந்தைகளோட. அங்க தண்ணி உப்பு, விளைச்சலைப் புழு தின்னுச்சு. நாலு வருஷத்துல 2,000-க்கும் மேற்பட்டவங்க இறந்ததா கணக்கு சொல்றாங்க. அந்த மக்கள் தங்களை 'டினே'ன்னுதான் சொல்லிக்குவாங்க. இதுக்கு அவங்க வெச்ச பேரு 'நீண்ட நடை'.

அதே கிட் கார்சன், காமிக்ஸ்ல நவஜோ தலைவரோட உயிர் நண்பன்.

இதைக் கேட்டதும் புத்தகத்தைத் தூக்கிப் போடணும்னு தோணலாம். அவசரப்பட வேண்டாம். 1948-ல ஹாலிவுட் படங்கள்ல செவ்விந்தியர்னா குதிரையில இருந்து சுருண்டு விழறவங்க மட்டும்தான். அப்போ ஒரு இத்தாலிய எழுத்தாளர் தன் ஹீரோவை அவங்க வீட்டு மருமகனா ஆக்கினார். லிலித் எப்படிச் சாகறான்னு பாருங்க. வியாபாரிகள் தெரிஞ்சே கொடுத்த, அம்மை பரப்பற கம்பளிகளால சாகறா. அது வெறும் கற்பனைன்னு ஒதுக்க முடியாது. 1763-ல ஃபோர்ட் பிட் கோட்டையில, அம்மை நோயாளிகளோட கம்பளியைச் செவ்விந்தியத் தூதர்கள் கையில கொடுத்தது பதிவான வரலாறு. கதை யார் பக்கம் நிக்கணும்னு பொனெல்லி தெளிவா இருந்தார். அதை நான் மதிக்கறேன்.

ஆனாலும் ஒரு கணக்கு இடிக்குது. அந்த மக்களைக் காப்பாத்தறதுக்குக்கூட கதைக்கு வெளியில இருந்து ஒரு துப்பாக்கிக்காரர் வரவேண்டியிருக்கு.

தன்னைப் பத்தின கதையைக் கண்ட ஹீரோ

நிஜ கார்சன் வாழ்க்கையில இருந்து இன்னொரு சம்பவம்.

1849 இலையுதிர் காலம். சாண்டா ஃபே போற பாதையில ஜேம்ஸ் ஒயிட்ங்கிற வணிகரோட குழுவை ஜிகாரில்லா அப்பாச்சிகள் தாக்கினாங்க. அவரைக் கொன்னுட்டு, மனைவி ஆன் ஒயிட்டையும் சின்ன மகளையும் கொண்டு போயிட்டாங்க. தேடிப் போன குதிரைப் படையில தடம் பார்க்கறவங்கள்ல ஒருத்தர் கார்சன். பல நாள் தேடி முகாமைப் பிடிச்சாங்க. உடனே பாயணும்னு கார்சன் சொன்னார். அவங்க பேச விரும்பறாங்களோன்னு தளபதி தயங்கினார். உள்ள போனப்போ ஆன் ஒயிட் நெஞ்சுல அம்பு. உடம்புல சூடு இருந்ததுன்னு கார்சன் பின்னாடி தன் நினைவுகள்ல சொல்லியிருக்கார்.

அந்த முகாம்ல ஒரு புத்தகம் கிடைச்சுது. மலிவு விலை சாகச நாவல். அதோட ஹீரோ கிட் கார்சன். நூத்துக்கணக்கான எதிரிகளைச் சாய்க்கற சூப்பர் ஹீரோ. தன்னைப் பத்தி அப்படி ஒரு கதைப் புத்தகத்தை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. படிச்சுக் காட்டச் சொல்லித்தான் அவரால தெரிஞ்சுக்க முடிஞ்சுது. அந்தப் பொண்ணு இதைப் படிச்சிருப்பாளோ, நான் பக்கத்துலதான் இருக்கேன்னு தெரிஞ்சு, வந்து காப்பாத்துவேன்னு வேண்டிக்கிட்டிருப்பாளோன்னு அவர் மனசு அடிச்சுக்கிட்டது. பல வருஷம் கழிச்சும் அவர் அதை மறக்கல.

நீங்க கேக்கலாம், அங்க பேசலாம்னு தயங்கினதுதானே உயிரை எடுத்துச்சு? கார்சன் தரப்பு அதுதான். அன்னைக்கு அந்த இடத்துல அவர் சொன்னது சரியாவும் இருக்கலாம். ஆனா என் கண்ணு அந்தப் புத்தகத்து மேலதான் போகுது. அதுல இருந்த கார்சன் ஒரு தடவைகூட லேட்டா வந்ததில்ல.

துப்பாக்கி இல்லாத தலைவர்

இப்போ பொஸ்கே ரெடோண்டோவுக்குத் திரும்புவோம். டினே மக்கள் அங்க இருந்து எப்படி வெளிய வந்தாங்க? இரவுக் கழுகு வரல. 1868 மே மாசக் கடைசியில ஜெனரல் ஷெர்மன் வந்தார். உள்நாட்டுப் போர்ல அட்லாண்டாவை எரிச்ச அதே ஷெர்மன். உங்களை ஓக்லஹோமா பக்கம் அனுப்பிடலாமேன்னு பார்த்தார். எதிர்ல உட்கார்ந்திருந்தவர் பார்பொன்சிட்டோங்கிற தலைவர். ஒரு காலத்துல அவரும் சண்டை போட்டவர்தான். அன்னைக்குக் கையில எதுவும் இல்ல.

அவர் பேசினது நவஜோவுல. அதை ஒருத்தர் ஸ்பானிஷ் ஆக்கினார், இன்னொருத்தர் ஆங்கிலம் ஆக்கினார். இந்த மண்ணுல எங்க பயிர் வளரல, எங்க ஆளுங்க சாகறாங்க, வேற எங்கயும் போக மாட்டோம், எங்க ஊருக்குத்தான் போவோம். இதுதான் அவர் பேச்சோட சாரம். எண்ணிக்கை சொன்னார், காரணம் சொன்னார், விட்டுக் கொடுக்கல. ஜூன் 1-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அந்த மாசமே மக்கள் ஊர் திரும்ப ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அமெரிக்காவுல பரப்பளவுல மிகப் பெரிய பழங்குடி நிலம் அவங்களோடதுதான். நிஜ கிட் கார்சன் அந்த ஒப்பந்தத்துக்கு ஒன்பது நாள் முன்னாடி, மே 23-ல இறந்துட்டார்.

இந்தக் காட்சியைக் காமிக்ஸா வரையறது கஷ்டம். ஒரு கூடாரம், சில பேர், ரெண்டு மொழிபெயர்ப்பாளர்கள், நாள் கணக்குல பேச்சு. 'டுமீல்' எங்கயுமே இல்ல. அதனாலதான் டெக்ஸை நமக்குத் தெரிஞ்ச அளவுக்கு பார்பொன்சிட்டோவைத் தெரியல.

நம்ம ஹைவேயில

இதை ஏன் ஒரகடத்துல உட்கார்ந்து பேசறேன்? நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல, பேர் வேண்டாம், செகண்ட் ஷிஃப்ட் பஸ்ஸோட ரூட்டைச் சுருக்கிட்டாங்க. முன்னாடி ஊருக்குள்ள போய் இறக்கி விடும். அதுக்கப்புறம் மெயின் ரோட்டுலயே இறக்கி விட ஆரம்பிச்சுது. ராத்திரி பதினோரு மணிக்கு, லைட் இல்லாத ரோட்டுல, ஒண்ணரை கிலோமீட்டர் நடை. அதுல இறங்கற பொண்ணுங்க பெரும்பாலும் கான்ட்ராக்ட். வாட்ஸ்அப் குரூப்ல நூத்துக்கும் மேல பேர். யாராவது கேக்கணும்னு தினம் மெசேஜ் வரும். அந்த 'யாராவது' யாருன்னு மட்டும் வரவே வராது.

செய்யாறு பக்கத்துல இருந்து வர்ற ஒரு அக்கா, அசெம்பிளி லைன்ல வேலை. மூணு வாரம் ஒரு நோட்டுல எழுதினாங்க. பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புச்சு, எங்க நிறுத்துச்சு, எத்தனை பேர் இறங்கினாங்க, வீட்டுக்கு எப்போ போய்ச் சேர்ந்தாங்க. அப்புறம் இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு ஹெச்.ஆர். ரூமுக்குப் போனாங்க. ஒரே நாள்ல முடியல. மூணு தடவை போனாங்க. கடைசியில செகண்ட் ஷிஃப்டுக்கு மட்டும் பஸ் மறுபடி ஊருக்குள்ள போச்சு. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு இல்ல. பாதி வெற்றிதான். ஆனா ராத்திரி நடை நின்னுச்சு.

பெரிய அளவுல பார்த்தாலும் இதே கதைதான். 2024 செப்டம்பர் 9-ல சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில ஆரம்பிச்ச வேலைநிறுத்தம் 37 நாள் போச்சு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். அமைச்சர்கள், நிர்வாகம், தொழிலாளர் தரப்புன்னு பேசிப் பேசித்தான் அக்டோபர்ல முடிவுக்கு வந்துச்சு. சங்கத்தைப் பதிவு செய்யற விவகாரம் நீதிமன்றம் வரைக்கும் போய், 2025 ஜனவரியில பதிவாச்சு. யார் பக்கம் எவ்வளவு நியாயம்னு உங்களுக்குள்ள வேறவேற கருத்து இருக்கும், இருக்கட்டும். அந்த 37 நாள்ல குதிரையில யாரும் வரல. பந்தல்ல உட்கார்ந்தவங்களும், மேஜையில உட்கார்ந்தவங்களும்தான் முடிச்சு வெச்சாங்க.

அப்போ படிக்கலாமா, வேண்டாமா?

தாராளமா படிங்க. நானும் விடப் போறதில்ல. 2012-ல லயன், முத்து ரெண்டும் புதுசா எழுந்து வந்ததுல இருந்து நல்ல தாள், வண்ண அச்சு, முன்பணம் கட்டற சந்தான்னு ஒரு சின்னக் கூட்டம் இதைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கு. அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தன். பதினாலு மணி நேரம் வெளிய இருந்துட்டு வந்து, அநியாயம் பண்றவன் 110-ஆவது பக்கத்துல கட்டாயம் மாட்டுவான்னு தெரிஞ்ச ஒரு கதையைப் படிக்கறதுல ஒரு நிம்மதி இருக்கு. அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

படிக்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் கவனிங்க. டெக்ஸ் சுடறதுக்கு முன்னாடி நிறைய கேக்கறார். யார் பார்த்தது, எந்தப் பக்கம் போனாங்க, எத்தனை குதிரை, எவ்வளவு நேரம் ஆச்சு. தடத்தைக் குனிஞ்சு பார்க்கறார். மூணு பேரைக் கூட வெச்சுக்கறார். துப்பாக்கியைக் கழிச்சுட்டுப் பார்த்தா, செய்யாறு அக்கா பண்ணினதும் அதேதான். அந்தப் பகுதியை நாம கடன் வாங்கிக்கலாம்.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு என் சிபாரிசு: சிரிக்கணும்னா லக்கி லுக். நீளமா, சிக்கலா வேணும்னா 'மின்னும் மரணம்', 2015-ல ஒரே தொகுப்பா வந்தது, கிடைச்சா விடாதீங்க. டெக்ஸ்ல 'கார்சனின் கடந்த காலம்'. படிச்சு முடிச்சதும் பார்பொன்சிட்டோன்னு தேடிப் பாருங்க. பழைய புகைப்படம் ஒண்ணு கிடைக்கும். அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பாருங்க.

உங்க ஊர்ல, உங்க ஷிஃப்ட்ல நோட்டு எழுதின அக்காவோ அண்ணனோ யாராவது இருந்தா, எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. கம்பெனி பேரு வேண்டாம், ஆள் பேரு வேண்டாம், நடந்தது மட்டும் போதும். அடுத்த மாசம் அதை வெச்சே ஒரு எபிசோட் பண்ணலாம். பஸ்ல தூங்கி ஸ்டாப்பை விட்டுடாதீங்க.